மதம் வேறானால் மனம் விட்டுப் பேசுங்கள்

(நெகிரி செம்பிலான், சுவா வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் திரளாகக் கலந்துகொண்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சுவாவிலிருந்தும், சுவா பெத்தோங், புக்கிட் பிலாண்டோக், லிங்கி பக்கமிருந்தும் வேலை முடித்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளையும் அழைத்து வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் நன்றி.

"காதலும் மதமும்" என்று தலைப்பைச் சொன்னவுடன் இங்கே இரண்டு காட்சிகளைப் பார்த்தேன். முன் வரிசையில் இருக்கும் அம்மாக்களின் முகம் இறுகிப் போனது. பின் வரிசையில் நிற்கும் தம்பிகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மாக்களுக்கு அது பயம், தம்பிகளுக்கு அது விளையாட்டு. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேசுவதே இல்லை. இன்றைய கருத்தரங்கின் நோக்கமே அந்தப் பேச்சைத் தொடங்கி வைப்பதுதான்.

நான் வழக்கறிஞர் அல்ல, சமயப் போதகரும் அல்ல. தகவல் சாதனத் துறையில் டிப்ளோமா முடித்து, ஒலிவாங்கியைப் பிடித்து மக்களிடம் கேள்வி கேட்பதைத் தொழிலாகக் கொண்டவள். அந்தத் தொழிலில் பல வீடுகளின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறேன். பலர் அழுததைப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. மதம் வேறாக இருப்பது மட்டும் ஒரு குடும்பத்தை உடைப்பதில்லை. மதத்தைப் பற்றிப் பேசாமல் ஒளித்து வைப்பதுதான் உடைக்கிறது. நான் இன்று சொல்லப் போவது இந்த ஒன்றைத்தான்.

மாரியம்மனும் மாதாவும்

முதலில் நமக்குப் பழக்கமான இடத்திலிருந்து தொடங்குவோம். பழைய தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். லயத்துக்கு ஒரு பக்கம் மாரியம்மன் கோயில், மறு பக்கம் சின்னதாக ஒரு மாதா கோயில். திருவிழாவுக்கு அவர்கள் வந்து கூழ் குடிப்பார்கள். கிறிஸ்துமசுக்கு இவர்கள் போய் கேக் சாப்பிடுவார்கள். பால்வெட்டு முடிந்து ஒரே லாரியில் வீடு திரும்புவார்கள். ஆனால் அந்த வீட்டுப் பையன் இந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றால் மட்டும் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது!

ஏன்? சட்டம் தடுக்கிறதா? இல்லை. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், நாம் சட்டம் 164 என்று சொல்வது, 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்து, கிறிஸ்தவர், பௌத்தர், சீக்கியர் என முஸ்லிம் அல்லாத எல்லாருக்கும் அந்த ஒரே சட்டம்தான். இந்துப் பையன் கிறிஸ்தவப் பெண்ணையோ, தமிழ்ப் பெண் சீன பௌத்தரையோ மணக்க, யாரும் மதம் மாறத் தேவையில்லை. பதிவு இலாகாவில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், 21 நாள் அறிவிப்பு, பிறகு சாட்சிகள் முன்னிலையில் பதிவு. 21 வயதுக்குக் கீழே என்றால் தந்தையின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். அவ்வளவுதான்.

கத்தோலிக்க சபையிலும் வழி இருக்கிறது. ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் மணக்க வேண்டுமானால் ஆயரிடமிருந்து விதிவிலக்கு பெற வேண்டும். மற்றவர் மதம் மாற வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் கத்தோலிக்கத் தரப்பு ஒரு வாக்குறுதி தர வேண்டும். பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு வாக்குறுதி தரப்பட்டிருப்பது மற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மற்ற கிறிஸ்தவ சபைகளில் நடைமுறை சபைக்குச் சபை மாறும்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். கல்யாண அவசரத்தில் "சரி, சரி" என்று தலையாட்டி விடுவார்கள். பிள்ளை பிறந்த பிறகு ஒரு பாட்டி மொட்டை போட நாள் பார்ப்பார், இன்னொரு பாட்டி ஞானஸ்நானத்துக்கு உடை வாங்கி வைத்திருப்பார். கணவனும் மனைவியும் நடுவில் நிற்பார்கள். இந்தச் சண்டையைக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம். பிள்ளைக்கு என்ன பெயர்? எந்த வழிபாடு? வீட்டில் சாமி மேடை எங்கே, சிலுவை எங்கே? தாலி கட்டுவதா, மோதிரம் மாற்றுவதா, இரண்டுமா? மாமியார் இறந்தால் மருமகன் எந்தச் சடங்கில் நிற்பார்? கேட்க வெட்கமாக இருக்கும். ஆனால் கேட்காமல் விட்டால் பிறகு வரும் சண்டை அதைவிடப் பெரியது.

என் சொந்தத்திலேயே இப்படி ஒரு வீடு இருக்கிறது. சித்தி கிறிஸ்தவர், சித்தப்பா இந்து. இரண்டு பிள்ளைகள். ஞாயிறு காலை சித்தி பிள்ளைகளோடு கோயிலுக்குப் போவார், சித்தப்பா வாசலில் இறக்கிவிட்டு, வெளியே கோப்பி குடித்துக்கொண்டு காத்திருப்பார். தைப்பூசத்துக்குச் சித்தப்பா காவடி எடுத்தால், விரதச் சமையல் சித்திதான். இது தானாக வந்த ஒற்றுமை அல்ல. நிச்சயத்துக்கு முன்பே இரண்டு தாத்தாக்களையும் உட்கார வைத்துப் பேசி முடித்தது. அன்று நடந்த வாக்குவாதம் தெருக்கோடி வரை கேட்டதாம். ஆனால் அதன் பிறகு அந்த வீட்டில் மதத்தைச் சொல்லி ஒரு சண்டை நான் கேட்டதில்லை.

சட்டமே மாறும் இடம்

இப்போது நாம் குரலைத் தாழ்த்திப் பேசும் பகுதிக்கு வருகிறேன். குரலைத் தாழ்த்தத் தேவையில்லை, மரியாதையோடு பேசினால் போதும்.

காதலிப்பவர் முஸ்லிம் என்றால் நம் நாட்டில் நிலைமை வேறு. சட்டம் 164 முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு மாநில இஸ்லாமியக் குடும்பச் சட்டமும் ஷரியா நீதிமன்றமும் உண்டு. முஸ்லிமை மணக்க விரும்பும் முஸ்லிம் அல்லாதவர் இஸ்லாத்தைத் தழுவ வேண்டும். அதன் பிறகு அவருடைய திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை எல்லாம் வேறு சட்டத்தின் கீழ் வரும். அடையாள அட்டையில் இஸ்லாம் என்று அச்சிடப்படும்.

மனப்பூர்வமாக நம்பி அந்த மார்க்கத்தில் சேருகிறவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் "இப்போது மாறிக்கொள்ளலாம், சரிவரவில்லை என்றால் திரும்பி வந்து விடலாம்" என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது சட்டை மாற்றுவது போன்றது அல்ல. நம் நெகிரி செம்பிலானில் 2003ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிர்வாகச் சட்டத்தில் 119வது பிரிவு இருக்கிறது. இஸ்லாத்திலிருந்து விலகுவதற்கான நடைமுறையை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் மாநிலம் இதுதான். அந்த நடைமுறை என்ன? ஷரியா உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நீதிமன்றம் முதலில் மனம் திரும்பச் சொல்லும். பிறகு 90 நாள் ஆலோசனை. அதற்குப் பிறகும் மனம் மாறவில்லை என்றால் ஓராண்டு வரை தள்ளி வைக்கலாம். அத்தனையும் கடந்த பிறகுதான் தீர்ப்பு. கூட்டரசு நீதிமன்றமும் 2007 மே 30 அன்று லீனா ஜாய் வழக்கில், இஸ்லாத்திலிருந்து விலகும் விஷயம் ஷரியா நீதிமன்றத்துக்கு உரியது என்று சொல்லிவிட்டது.

ஆகவே இந்த வாசலுக்குள் நுழைவதற்கு முன்பே முழுமையாகத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்துக் கம்பத்து மலாய் மக்களைப் பாருங்கள். நிச்சயத்துக்கு முன்பு "மெரிசிக்" என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பெண் வீட்டுக்குப் போய் நிதானமாக விசாரிப்பார்கள். யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. நம்மிடமும் பெண் பார்க்கும் வழக்கம் இருந்தது. காதல் திருமணம் என்றவுடன் நாம் விசாரிப்பதையே விட்டுவிட்டோம்!

நம் மாநிலத்துத் தாய்

இனி சொல்வது காதலர்களுக்கு மட்டுமல்ல, கல்யாணமாகி இருபது வருடமானவர்களுக்கும்தான். ஏனென்றால் சில வீடுகளில் மதம் நடுவழியில் நுழைகிறது.

ஜெலுபுவைச் சேர்ந்த எஸ். தீபா என்ற தாயின் வழக்கு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் சிரம்பான் நீதிமன்றத்தில் நடந்தது. இந்து முறைப்படி திருமணமாகி இரண்டு பிள்ளைகள். கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். தாய்க்குத் தெரியாமலேயே பிள்ளைகளும் மதம் மாற்றப்பட்டார்கள். ஷரியா நீதிமன்றம் பிள்ளைகளைத் தந்தையிடம் கொடுத்தது. 2014 ஏப்ரல் 7 அன்று சிரம்பான் உயர் நீதிமன்றம் இருவரையும் தாயிடம் கொடுத்தது. இரண்டே நாள். ஏப்ரல் 9 அன்று தந்தை மகனைத் தூக்கிச் சென்றுவிட்டார். ஒரே பிள்ளைகளைப் பற்றி இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு உத்தரவுகள்!

2016 பிப்ரவரி 10 அன்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிவில் சட்டப்படி நடந்த திருமணத்தின் மணவிலக்கும் பிள்ளைப் பராமரிப்பும் சிவில் நீதிமன்றத்துக்கு உரியவை என்று உறுதி செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் பிள்ளைகள்? மகள் தாயிடம், மகன் தந்தையிடம். அக்காளும் தம்பியும் இரண்டு வீட்டில். சட்டம் வென்றது என்று நாம் பேசலாம். அந்த இரண்டு பிள்ளைகளும் என்ன பேசியிருப்பார்கள்?

ஈப்போவில் எம். இந்திரா காந்தி என்ற பாலர் பள்ளி ஆசிரியைக்கும் இதே போல்தான். 2009இல் கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மாற்றினார். பதினொரு மாதக் கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்பது ஆண்டு நீதிமன்றப் படி ஏறி இறங்கிய பிறகு, 2018 ஜனவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பிள்ளையை மதம் மாற்றத் தாய், தந்தை இருவர் சம்மதமும் வேண்டும். 2007இல் வேறொரு வழக்கில் ஒருவர் சம்மதமே போதும் என்ற பார்வை இருந்தது, அது இதில் மாறியது. இன்னொரு தாயின் வழக்கிலும் 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே வழியில் நின்றது. மே மாதத்தில் கூட்டரசு நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. தீர்ப்பு தாய்மார்களுக்குத் துணையாக நிற்கிறது. ஆனால் தீர்ப்பு வந்த பின்பும் ஆண்டுக்கணக்கில் தன் கடைசி மகளைத் தேடினார் இந்திரா காந்தி. காகிதத்தில் கிடைத்த உரிமை கைக்கு வருவது தனிப் போராட்டம்.

இவ்வழக்குகளை ஒரு மதத்துக்கு எதிராகச் சொல்லவில்லை. கணவன், மனைவி இருவரில் ஒருவர் மனம் மாறலாம். அது நடக்கும். அதை மற்றவரிடம் சொல்லாமல், பிள்ளைகளை முன்னே தள்ளியதுதான் துயரத்தின் வேர். பெற்றோர் வேறு மதத்தவராக இருந்தாலும் அவர்களோடு நல்லவிதமாக நடந்துகொள்ளச் சொல்கிறது இஸ்லாம். அப்படியிருக்க, பெற்ற தாயிடமிருந்தும் கட்டிய மனைவியிடமிருந்தும் ஒளித்துச் செய்வதற்கு எந்த மதத்தைக் காரணம் காட்ட முடியும்?

இறுதிச் சடங்கு வாசலில்

இன்னொன்று. மறைத்தது வாழும்போது வெளிவராவிட்டால் சாவில் வெளிவரும்.

1997இல் எவரெஸ்ட் ஏறிய மலேசியக் குழுவில் இருந்த இராணுவ வீரர் எம். மூர்த்தியை நாடே கொண்டாடியது. 2005 டிசம்பர் 20 அன்று அவர் இறந்தார். அவர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்று சமய இலாகா சொன்னது. தமக்கு அப்படி எதுவும் தெரியாது, அவர் இந்துவாகவே வாழ்ந்தார் என்றார் மனைவி. ஷரியா நீதிமன்றம் அவரை முஸ்லிம் என்று அறிவித்தது. டிசம்பர் 28 அன்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், இதில் தலையிடத் தனக்கு அதிகாரமில்லை என்றது. அன்றே இஸ்லாமிய முறைப்படி அடக்கம் நடந்தது. துக்கத்தில் இருக்க வேண்டிய எட்டு நாள், அந்தக் குடும்பம் நீதிமன்றத்தில் நின்றது.

அதன் பிறகு சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2017இல் சட்டம் 164 திருத்தப்பட்டு, 2018 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. முன்பு மதம் மாறியவர் சிவில் நீதிமன்றத்தில் மணவிலக்கு கேட்க முடியாது, மாறாதவர் மட்டுமே கேட்க முடியும். இப்போது இருவரில் யாரும் கேட்கலாம், சேர்ந்தும் கேட்கலாம். மணவிலக்கு முடியும் முன்பே மதம் மாறியவர் இறந்துவிட்டால், திருமண வாழ்வில் சேர்த்த சொத்தைப் பிரித்துத் தரும்படி குடும்பத்தார் நீதிமன்றத்தை நாட 51ஏ பிரிவு வழி செய்கிறது. ஆனால் பிள்ளைகளை மாற்ற இருவர் சம்மதமும் வேண்டும் என்ற 88ஏ பிரிவு அந்தத் திருத்தத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அதனால்தான் இந்திரா காந்தி தீர்ப்பு இவ்வளவு முக்கியம்.

தோட்டத்தில் உழைப்பவர்களுக்கு ஒரு சின்ன விவரம். உங்கள் இபிஎப் பணத்துக்கு யாரை நியமித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் நியமித்தவர், அந்தப் பணத்துக்கு உரியவர். முஸ்லிம் உறுப்பினர் நியமித்தவரோ, வாரிசுகளுக்குப் பங்கிட்டுத் தரும் பொறுப்பாளர் மட்டுமே. வீட்டில் ஒருவர் மதம் மாறியிருந்தால், முப்பது வருடம் செம்பனைக் குலை சுமந்து சேர்த்த பணம் யாருக்குப் போகும் என்பதும் மாறும். இதைக் கேட்பது பேராசை அல்ல, குடும்பப் பொறுப்பு.

வாசற்கதவைத் திறந்து வையுங்கள்

பெற்றோர்களே, இனி உங்களிடம். "அவனைக் கட்டிக்கிட்டா நீ எங்களுக்குச் செத்துப் போனதுக்குச் சமம்" என்று சொல்லியிருக்கிறீர்களா? கோபத்தில் வரும் வார்த்தைதான், புரிகிறது. சொந்தக்காரர் என்ன சொல்வார், கோயிலில் எப்படி முகத்தைக் காட்டுவது என்ற பயம். ஆனால் அந்த வார்த்தை வெளியே போனவுடன் என்ன நடக்கிறது தெரியுமா? பிள்ளை கேட்பதை நிறுத்திவிடுகிறது. பதிவு, மதமாற்றம் எல்லாம் தெரியாத ஊரில், தெரியாதவர் சொல்படி நடக்கிறது. ஆலோசனை சொல்ல வீட்டு மனுசர் ஒருவரும் பக்கத்தில் இல்லை. வாசற்கதவைச் சாத்தினால் பிள்ளை திரும்பி வந்துவிடும் என்று நினைக்கிறோம். அது பின்வாசல் வழியாகப் போய்விடுகிறது.

சம்மதம் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் மனம். பேச்சை நிறுத்தாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். "எனக்குப் பிடிக்கலம்மா, ஆனா நீ எது செஞ்சாலும் என்கிட்ட சொல்லிட்டுச் செய்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வாக்கியம் ஒரு பிள்ளையைக் காப்பாற்றும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் உண்டு. காதலிப்பவரிடம் முதல் வருடத்திலேயே மதத்தைப் பற்றிக் கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், அதை அன்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையாக விரும்புகிறவர் உங்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார். என் அம்மா உன் வீட்டில் வந்து தங்கலாமா? தீபாவளிக்கு நான் வீட்டுக்குப் போகலாமா? பிள்ளைகளை எப்படி வளர்ப்போம்? நான் இறந்தால் என் குடும்பம் பக்கத்தில் நிற்க முடியுமா? இந்த நான்கு கேள்விக்கும் நேரான பதில் கிடைத்தால், உங்கள் முடிவு எதுவானாலும் அது தெரிந்து எடுத்த முடிவு. கையெழுத்துப் போடும் எந்தத் தாளையும் படித்துப் போடுங்கள். மலாயில் இருந்து புரியவில்லை என்றால், புரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தாலி கட்டியதோடு நிற்காமல் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். அந்தப் பத்திரம் இருந்ததால்தான் நான் சொன்ன தாய்மார்கள் சிவில் நீதிமன்ற வாசலில் நிற்கவாவது முடிந்தது.

ஆலயத் தலைவர்களும் தேவாலயப் பெரியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு நாள் திருவிழா வரவு செலவை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு வழக்கறிஞரை அழைத்து நம் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டங்களைச் சொல்லிக் கொடுக்கலாமே? பந்தலுக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இன்று வீட்டுக்குப் போனதும் தொலைக்காட்சியை அணைத்து வையுங்கள். தொலைக்காட்சியில் வேலை பார்க்கிற நானே சொல்கிறேன்! சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையிடம், "நீ யாரையாவது விரும்புகிறாயா?" என்று அதட்டாமல் கேளுங்கள். பதில் உடனே வராது. நாளைக்கும் கேளுங்கள். நீங்கள் அடிக்க மாட்டீர்கள், அழ மாட்டீர்கள் என்று நம்பிக்கை வந்த அன்று அது சொல்லும்.